பேர் வெட்டாத வண்டி

எங்கள் அண்ணாச்சி குமரகுருபரனுக்குத் திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை. கடைக்குள் நுழைந்தால் எவர்சில்வர் கண்ணைப் பறிக்கும். ஆனால் அவர் வீட்டில் சாப்பிடுகிற தட்டு நாலு பக்கமும் சொட்டை விழுந்து, ரசம் ஊற்றினால் ஒரு மூலைக்கு ஓடும். நல்ல தட்டெல்லாம் பரணில், சுற்றிய காகிதம் பிரிக்காமல் கிடக்கும். கேட்டால், "புழங்கினா சொட்டை விழும்லே. சொட்டை விழுந்தா எடைக்குத்தான் போவும்" என்பார். பாத்திரக்காரன் வேதம் அது. புதுப் பாத்திரத்துக்கு ஒரு விலை, நசுங்கிவிட்டால் தராசு.

அந்த வேதத்தில் இன்னொரு வரியும் உண்டு. கடைக்கு வருகிற பெண்கள் பானையைத் தட்டிப் பார்ப்பார்கள், புரட்டிப் பார்ப்பார்கள், வீட்டுக்குப் போய்விட்டு மறுநாள் வந்து மாற்றிக் கேட்பார்கள். அண்ணாச்சி முகம் சுளிக்க மாட்டார். "பேர் வெட்டுத வரைக்கும் பாத்திரம் கடையோடது தாயி, பேர் வெட்டிட்டா உங்களோடது. பொறவு நானே கேட்டாலும் தரப்படாது" என்பார். சொல்லிவிட்டு மெஷினை எடுத்து, அவரே டர்ரென்று பேர் வெட்டிக் கொடுப்பார். எழுத்து அச்சுப் போல இருக்கும்.

இந்த வேதத்தைப் பாத்திரத்தோடு நிறுத்தியிருந்தால் நான் ஏன் பேனாவை எடுக்கிறேன்? செருப்பு, குடை, மெத்தை எல்லாவற்றுக்கும் இதேதான். மழையில் குடையை மடக்கிச் சட்டைக்குள் வைத்து நனைந்துகொண்டு வந்த மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும், அதற்கு முன்னால் வாய் வந்துவிடும். "அண்ணாச்சி, உங்க உடம்பையும் பரண்ல ஏத்திரலாமே" என்பேன். அவர் மனைவி, மதினி சொர்ணாம்பாள், அடுக்களையிலிருந்து சிரிப்பாள். சிரித்துக்கொண்டே சொட்டைத் தட்டில் எனக்கும் சோறு போடுவாள்.

மதினிக்கு முழங்கால் வலி. கொஞ்சநஞ்சமில்லை, மாடிப்படி ஏறினால் கண்ணில் நீர் வந்துவிடும். டவுனுக்குள் இருக்கிற மட்டும் பரவாயில்லை. பங்குனி உத்திரம் வந்தால்தான் வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிடும். எங்கள் குலசாமி சாஸ்தா இருப்பது சாத்தான்குளம் தாண்டி, தேரி என்கிற செம்மணல் மேட்டுக் காட்டுக்குள். தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து இரண்டு மைல் மணல். வைத்த கால் கணுக்கால் வரை புதையும். இரண்டு பக்கமும் உடைமரம், ஒவ்வொரு முள்ளும் ஊசி நீளம். மாட்டுவண்டி குலுக்கும் குலுக்கலை மதினியின் மூட்டு தாங்காது, வாடகை ஜீப்புக்காரன் எவனும் அந்த மணலில் இறங்க மாட்டான். ஒரு வருஷம் பிடிவாதமாக நடந்து வந்தாள். பாதி வழியில் ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு உத்திரத்துக்கும் பொங்கலுக்கு அரிசியை மட்டும் மஞ்சள் துணியில் முடிந்து அனுப்புவாள். நாங்கள் திரும்பி வந்து திருநீறு கொடுத்தால் பூசிக்கொண்டு, "என் கையால போட்ட பொங்கலைச் சாமி தின்னு எத்தனை வருசமாச்சு" என்பாள். அதைக் கேட்டால் அண்ணாச்சி கடைக்குக் கிளம்பிவிடுவார், கடை அடைத்திருந்தாலும்.

அன்று அந்தப் பனைமரத்தடியில் அவர் கொடுத்த வாக்குதான் இந்தக் கதைக்கே காரணம். "அழாத சொர்ணம். மணல்ல போற வண்டி ஒண்ணு வாங்கி, உன்னைச் சாஸ்தா வாசல்லயே இறக்குதேன்."

தொண்ணூற்றாறு கடைசியில் வாங்கியும் விட்டார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன், விளம்பரத்துக்கு எனக்கு யாரும் காசு தரவில்லை. கியர் கம்பிக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கம்பி இருந்தது. அதைப் போட்டால்தான் முன்சக்கரமும் இழுக்கும். அந்தக் கம்பி இல்லாத வண்டி மலிவு. அந்தக் கம்பிக்காகவே இரண்டு வயலை விற்றுச் சேர்த்துக் கொடுத்தார்.

வாங்கினாரா, அன்றோடு முடிந்தது. வண்டிக்குக் காடாத் துணியில் போர்வை தைத்தார். ஆற்றுத் தண்ணீரில் மணல் இருக்கும், பெயிண்டைக் கீறும் என்று கிணற்றுத் தண்ணீரை வேட்டியில் வடிகட்டிக் கழுவினார். சின்னக் கம்பி மேல் கம்பெனிக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே இல்லை. பக்கத்து ஜவுளிக்கடை நூர்முகம்மது பொறுக்க முடியாமல், "என்ன அண்ணாச்சி, வண்டி எடுத்தீகளா, புதுப்பொண்ணு எடுத்தீகளா? முகத்தையே காட்ட மாட்டேங்குதே" என்றார். அண்ணாச்சி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

மதினியோ உத்திரத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அரிசியைப் புடைத்துவிட்டாள். இந்தத் தடவை மஞ்சள் துணியில் முடிந்து வைக்கவில்லை. கடையிலிருந்து புது வெண்கலப் பானை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டாள்.

உத்திரத்தன்று அண்ணாச்சி ஓட்ட, பக்கத்தில் மடியில் பானையோடு மதினி, பின்னால் நான். தார் ரோடு முடிகிற இடத்தில் சொந்தபந்தம் வந்த வேன்களெல்லாம் நின்றன. இசக்கித்தாய் என்கிற அம்மாள் பனையோலைப் பட்டையில் பதனி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் சாஸ்தாவின் எல்லைக்கல் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. புது வண்டியோ புது மாடோ அந்தக் கல்லைத் தாண்டிவிட்டால் சாமிக்கு முகம் காட்டாமல் திரும்பக் கூடாது, ஒரு முழம்கூடப் பின்னால் நகரக் கூடாது.

அண்ணாச்சி கல்லுக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்தினார். இறங்கினார். போர்வையை எடுத்து உதறினார். மதினி உள்ளே உட்கார்ந்திருக்க, வண்டியை மூட ஆரம்பித்தார்!

"அண்ணாச்சி, மதினி உள்ள இருக்காவ" என்றேன்.

"தெரியும்லே. ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன்" என்றார். பார்த்தால் ஒரு நாற்காலியில் இரண்டு மூங்கிலைக் கட்டி வைத்துக்கொண்டு நாலு ஆட்கள் வருகிறார்கள். "சொர்ணம், நீ சும்மா உக்காந்தாப் போதும். நாலு பேரும் பைய தூக்கிட்டுப் போயிருவாங்க."

போர்வைக்குள்ளிருந்து மதினியின் குரல் வந்தது. "நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு எனக்கு இன்னும் காலம் வரலை."

பதனி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. அண்ணாச்சி போர்வையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். "இங்கேரு, உள்ள பூராவும் முள்ளு. பெயிண்டு என்னத்துக்கு ஆவும்?"

"வண்டியில போனாப் போகுதேன். இல்லைன்னா இங்கனயே இருக்கேன். நீங்க போயி, சொர்ணத்துக்குக் காலு இல்லை, ஆனா வண்டியில கீறல் இல்லைன்னு சாமிகிட்டச் சொல்லிட்டு வாங்க."

மதினி கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணாச்சி தப்பித்திருப்பார். பானையைக் கட்டிக்கொண்டு நேரே மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி அவள் முகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். போர்வையை எடுத்து நாலாக மடித்தார். அந்த நேரத்திலும் முனையோடு முனை சேர்த்துத்தான் மடித்தார். வண்டியில் ஏறி, "சாஸ்தாவே" என்று கல்லைத் தாண்டினார்.

பத்து வீட்டு நீளம்கூடப் போயிருக்க மாட்டோம். ஒரு உடைமரக் கிளை முன்கதவிலிருந்து பின்கதவு வரை கிரீச்சென்று இழுத்தது. சிலேட்டில் ஆணியால் கோடு போட்டாற்போல எனக்கே பல் கூசியது. அண்ணாச்சி, "ஐயையோ" என்று பிரேக்கை மிதித்தார். "போதும். திரும்பிருவோம்" என்று கியருக்குக் கை போனது.

மதினி அந்தக் கையில் பட்டென்று ஒன்று போட்டாள். "கல்லைத் தாண்டியாச்சு. முகம் காட்டாமப் பின்னால போகப்படாது. தெய்வ குத்தம்!"

அண்ணாச்சிக்குப் பாத்திர வேதம் ஒரு பக்கம், சாமி ஒரு பக்கம். வியர்த்துக் கொட்டியது. முன்னாலேயே விட்டார். இன்னொரு கிரீச். அவர், "ஆ!" என்றார். அடுத்த கிரீச்சுக்கு, "ஐயோ!" என்றார். முள் குத்துவது வண்டியையா இவரையா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம் ஒரு மேடு வந்தது. வண்டி பாதி ஏறி நின்றுவிட்டது. பின்சக்கரம் சுற்றுகிறது, செம்மண் வாரி இறைக்கிறது, வண்டி மட்டும் இம்மி நகரவில்லை. மிதிக்க மிதிக்கப் புதைந்தது.

வேடிக்கை பார்க்க ஆள் சொல்லியா அனுப்ப வேண்டும்? சித்தப்பா, பெரியப்பா, நாற்காலிக்கார நாலு பேர், பதனிப் பானையைச் சுமந்துகொண்டு இசக்கித்தாய், எல்லாரும் வந்துவிட்டார்கள். "ஏன் அண்ணாச்சி, வண்டிக்கும் முட்டு வலியோ?" என்றாள் இசக்கித்தாய். "ஒரு பட்டை பதனி ஊத்திப் பாக்கட்டா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தச் சின்னக் கம்பியைப் போடுங்களேன் அண்ணாச்சி! இதுக்குத்தானே வயலை வித்தீங்க!"

"போட்டா உள்ள கியர்ப் பல்லு தேயும்லே!"

யானையும் வாங்கி, அங்குசமும் வாங்கி, அங்குசத்தைப் பெட்டியில் பூட்டி வைத்தவரை என்ன செய்வது? நான் வாயைத் திறப்பதற்குள் மதினி பானையைப் பின்னால் என்னிடம் தள்ளினாள். குனிந்தாள். பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. அது கிழிந்த சத்தத்துக்கு அண்ணாச்சி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். காது குத்துகிற பிள்ளைதான் அப்படி மூடும்.

"போடுங்க" என்றாள்.

அவர் கண்ணைத் திறக்காமலே கம்பியைப் போட்டார். ஆட்கள் பனையடியில் காய்ந்து கிடந்த காவோலைகளை இழுத்துவந்து சக்கரத்துக்கு முன்னால் போட்டார்கள். வண்டி உறுமியது. ஒரு குலுக்கல், வெண்கலப் பானை என் தாடையில் மோதியது. அடுத்த குலுக்கலில் மேட்டின் உச்சியில் இருந்தோம்.

அதற்குப் பிறகு நடந்ததை டவுனில் யாரும் நம்பவில்லை. அண்ணாச்சி நிறுத்தவே இல்லை. இறக்கத்தில் விட்டார், அடுத்த மேட்டில் ஏற்றினார், கிளை இழுத்தால், "இழு, இழு!" என்றார். கோட்டி பிடித்துவிட்டதோ என்று பயந்தேன். ஒரு இடத்தில் நல்ல வழி இருந்தும் மேட்டைப் பார்த்து ஏற்றினார் என்று என்னால் சத்தியம் பண்ண முடியும். மதினி கூரைப் பிடியைப் பிடித்துக்கொண்டு, முட்டு வலியையும் மறந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தப் பழைய பனைமரம் வந்ததும் இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்தினார்கள். வண்டி மட்டும் நிற்கவில்லை. மதினி திரும்பி, மரம் மறைகிற வரை பார்த்தாள்.

சாஸ்தா வாசலில் நின்றபோது வண்டியில் செம்மண் இல்லாத இடம் இல்லை. மதினி இறங்கினாள். அடுப்புக் கல் நாலு எட்டில் இருந்தது. யார் கையையும் பிடிக்காமல் நடந்து, தானே காவோலையைப் பற்றவைத்து, தானே அரிசியைக் களைந்து போட்டாள். பொங்கல் பொங்கி வழிந்ததும் பெண்களெல்லாம் குலவை போட்டார்கள். எல்லாக் குரலுக்கும் மேலே மதினியின் குரல் கேட்டது. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "புகைலே" என்றார். காற்று எதிர்ப்பக்கம் அடித்துக்கொண்டிருந்தது. நான் என் வாழ்நாளில் வாயை அடக்கியது அன்றுதான்.

மறுநாள் மத்தியானம் பெயிண்டர் அப்பாத்துரை வீட்டுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். இரண்டு பக்கமும் நீளநீளமாகக் கோடுகள். "கவலையே படாதிய அண்ணாச்சி. தேச்சு அடிச்சா ஒரு கோடு தெரியாது. கடையில எடுத்த வண்டி மாதிரியே ஆக்கிருதேன்."

அண்ணாச்சி ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து, முன்கதவிலிருந்து பின்கதவு வரை பைய நகர்த்தினார். "வேண்டாம் வே. இத்தனை நாளா கடை வண்டியாத்தான் கிடந்துது. நேத்துதான் பேர் வெட்டியிருக்கு."

மதினி சன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டு நின்றாள். உள்ளே போனாள். என்னைக் கூப்பிட்டுப் பரணில் ஏறச் சொன்னாள். அன்றைக்கு அண்ணாச்சிக்கு முன்னால் வைத்த தட்டு பளபளவென்று இருந்தது. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். மதினியின் அப்பா கல்யாணச் சீராக அண்ணாச்சி கடையிலேயே வாங்கிக் கொடுத்தது. அடியில் 'சொர்ணம்' என்று வெட்டியிருந்தது. எழுத்து அண்ணாச்சியுடையது. கல்யாணத்துக்கு முன்னால், பெண் யாரென்று பார்ப்பதற்கும் முன்னால், கடையில் உட்கார்ந்து அவரே வெட்டிக் கொடுத்தது.

"பாத்துப் புழங்குங்க அண்ணாச்சி, சொட்டை விழுந்துரும்" என்றேன்.

"விழட்டும்லே" என்றார். "நீ ரசத்தை ஊத்து, சொர்ணம்."