முன்சீட்டில் ஏறிவந்த ஆட்டுக்கல்

என் ஆட்டுக்கல் நுவரெலியாவுக்கு லாரியின் முன்சீட்டில் வந்தது. நான் பாதி வழி நடந்து வந்தேன். இதைச் சொன்னால் என் மருமகன்கள் நம்புவதில்லை. கிழவி கதை விடுகிறாள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பார்த்துக்கொள்ளட்டும். நடந்தது எனக்குத் தெரியும், என் முழங்காலுக்கும் தெரியும்.

முப்பதுகளில் தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. கொத்மலைப் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்தில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தோட்டத்து லாரி டிரைவர். லாரியை விற்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் தோட்டத்தை நடத்திய பெரிய துரையும் வேலையை விட்டார். விட்டவர் சீமைக்குக் கப்பலேறவில்லை. கண்டியிலிருந்து தச்சர்களை வரவழைத்து, இரண்டு சக்கரத்தின் மேல் மரத்தில் ஒரு வீடு செய்துவைத்திருந்தார். உள்ளே கட்டில், மேசை, இரும்பு அடுப்பு, ஜன்னலுக்குத் திரை எல்லாம் உண்டு. அதை நுவரெலியாவுக்கு இழுத்துக்கொண்டு போய் ஏரிக்கரைப் பக்கம் நிறுத்தி அதிலேயே குடியிருக்கப் போகிறாராம். கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து அறைக்குள் முடங்கிக் கிடந்த எங்களுக்கு, அவ்வளவு பெரிய பங்களாவை விட்டு ஒரு மனிதர் பெட்டிக்குள் குடிபோவது சிரிப்பாக இருந்தது.

துரை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தோட்டத்து லாரியிலேயே சக்கர வீட்டைக் கீறல் விழாமல் கொண்டுவந்து சேர்த்தால், நுவரெலியாவில் தன் காருக்கு டிரைவராக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் தலைகால் புரியாமல் ஓடிவந்தார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் துரைமார் வாக்கை நம்பி உலை வைக்கிறவள் நான் இல்லை.

எனக்கென்று வேறு ஒரு ஏற்பாடு இருந்தது. நுவரெலியா பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஓர் அம்மா, கடைக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை தருவதாகச் சொல்லியிருந்தார். கடை ஆட்களுக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் காலையில் தோசை சுட்டுக் கொடுக்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும். வந்த மறுநாளே அடுப்பு மூட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஒருத்தி காத்திருக்கிறாள் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அதற்கு என்னிடம் இருந்த ஒரே முதல் என் ஆட்டுக்கல். கொழுந்து பறித்த காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. தாலிக்கு அடுத்தபடி எனக்கென்று இருந்த பொருள் அதுதான். என் வீட்டுக்காரருக்கு வேலை இருந்தாலும் போனாலும், அந்தக் கல் இருந்தால் என் மகள் பட்டினி கிடக்க மாட்டாள் என்று நான் உறுதியாக நம்பினேன்.

லாரி சும்மா போகக் கூடாது, நானுஓயா ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டிகளையும் ஏற்று என்று ஆபீஸ் கிளாக்கர் சொல்லிவிட்டார். லாரி முப்பது அந்தர், அதாவது ஒன்றரை டன், தாங்கும் என்று அதன் பக்கப் பலகையில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கும். சக்கர வீடு தன் சக்கரத்தில்தானே வரப்போகிறது, லாரிக்கு அதனால் என்ன பாரம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். துரை மட்டும் தலையை ஆட்டினார். மாட்டுவண்டிக்கு இருப்பதுபோல அந்த வீட்டுக்கும் முன்னால் நீளமாக ஓர் ஏர்க்கால் உண்டு. அதன் நுனியைத்தான் லாரியின் வாலில் மாட்ட வேண்டும். துரை அந்த நுனியை ஸ்டோரில் தேயிலைப் பெட்டி நிறுக்கும் தராசின் மேல் தூக்கிவைக்கச் சொன்னார். நாலு அந்தர் காட்டியது! இரும்பு அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வீட்டின் முன்பக்கம் இருந்ததால் அத்தனை பாரம். அது முழுக்க லாரியின் முதுகில்தான் உட்காரும். கிளாக்கர் முணுமுணுத்துக்கொண்டே சில பெட்டிகளை இறக்கினார். மிஞ்சியது எங்கள் சட்டிபானைக்கும் துணிமூட்டைக்கும் ஆட்டுக்கல்லுக்கும் சரியாக இருக்கும் என்று என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டார்.

அவர் கணக்கில் லயத்து ஜனம் இல்லை.

புறப்படுகிற காலையில் அவர் இஞ்சினைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக வந்தார்கள். நுவரெலியாவில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒருத்தி பூசணிக்காய் மூட்டை கொண்டுவந்தாள். தம்பிக்கு என்று ஒருத்தர் விறகுக் கட்டுகள் கொண்டுவந்தார். நெல் மூட்டை, பலாப்பழம், கூடையோடு இரண்டு கோழி. "காலியாத்தான போவுது, ஒரு மூலையில வச்சுக்க தாயி" என்பார்கள். ஊரை விட்டுப் போகிறவள் அந்த முகங்களைப் பார்த்து எப்படி மாட்டேன் என்பது? இன்றைக்குக் கேட்டாலும் வாங்கித்தான் வைப்பேன். எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி, கடைசியில் லாரியின் வால் ஓரத்தில் என் கல்லை ஏற்றவைத்தேன். கட்டை போட வரவேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. ஏற்றத்தில் லாரி நின்றுவிட்டால் பின்னுக்கு உருளாமல் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருக வேண்டும், அவ்வளவுதான்.

தோட்டத்து ரோட்டில் இறங்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. இறம்பொடைக்கு முன்னால் முதல் ஏற்றம் வந்ததும் என் வீட்டுக்காரர் முகம் வெளுத்தது. ஸ்டியரிங்கை ஒடிக்கிறார், லாரி கேட்கவில்லை. வலப்பக்கம் பள்ளம். என் மடியில் மூன்று வயது மகள். அவர் எப்படியோ மல்லுக்கட்டி ஓரமாக நிறுத்தினார். நான் குதித்து இறங்கிக் கட்டையைப் போட்டேன்.

"முன்சக்கரம் தரையில நிக்கவே மாட்டேங்குது புள்ள" என்றார். "பின்னால அந்த வீடு அமுக்குது. அதோட நீ வேற…" என்று திரும்பி லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தார். ஒரு கோழி அவரைப் பார்த்துக் கத்தியது.

அதன்பிறகு எனக்குக் கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது. மெல்ல ஊர்ந்து இறம்பொடை கடைவீதிக்கு வந்தோம். அங்கே எங்களுக்குப் பழக்கமான கடைக்காரர் ஒருவர் இருந்தார். பூசணி, விறகு, நெல், பலா, கோழி எல்லாவற்றையும் இறக்கிவைத்துக்கொண்டார். நுவரெலியாவுக்குப் போகும் மாட்டுவண்டியில் ஒவ்வொன்றாக அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அப்படியும் என் வீட்டுக்காரருக்குத் திருப்தி வரவில்லை. லாரியின் வாலைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் என் கல்லின் மேல் கை வைத்தார்.

"இதையும் எறக்கிருவோம். சரியா வாலுமேல உக்காந்திருக்கு. இதுதான் முன்பக்கத்தத் தூக்குது."

"எறக்கிட்டு? நாளைக்கு எதுல மாவரைக்கிறது, உங்க தலையிலயா?"

"வண்டியில அனுப்பி வைப்பாரு."

"எப்ப? அதுக்குள்ள அந்தம்மா வேற ஆளு வச்சிரும். திரும்பி வந்து எடுக்க உங்களுக்கு லாரி இருக்கா? இதத்தான் நாளைக்கு விக்கப் போறாங்களே."

"ஒரு கல்லுக்காக மூணு உசுரையும் பள்ளத்துல தள்ளச் சொல்றியா?" என்று அவர் கத்தினார். கடைக்காரர் நைசாக உள்ளே போய்விட்டார்.

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பிப் பார்த்தால், பின்னால் அந்தச் சக்கர வீடு பூட்டிய கதவோடு நிற்கிறது. உள்ளே என் கல் போல பத்துக் கல்லுக்கு இடம் இருக்கிறது. அதன் வால் பக்கம் வைத்தால் ஏர்க்கால் பாரம்கூடக் குறையும். ஆனால் சாவி துரையிடம், அவர் காரில் முன்னாலேயே போய்விட்டார். ஆளில்லாத வீடு மெத்தை விரித்து வருகிறது, குடியிருக்கப் போகிற நாங்கள் இருப்பதை வீதியில் இறக்குகிறோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கையில் இருந்த கட்டையைத் தரையில் போட்டேன்.

போட்ட பிறகுதான் தோன்றியது. இனி மலை உச்சிவரை ஏற்றம். லாரி நடை வேகத்தில்தான் ஏறும். கட்டையோடு நான் எப்படியும் பின்னாலேயே நடக்கப் போகிறேன். அப்படியானால் முன்னால் என் இடம் சும்மாதானே கிடக்கும்?

"முன்னால பாரம் வேணும், அம்புட்டுத்தான?" என்றேன். "கல்லை என் எடத்துல ஏத்துங்க."

அவர் என்னையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடைக்காரரைக் கூப்பிட்டார். இருவரும் மூச்சுப் பிடித்துக் கல்லைத் தூக்கி, சாக்கு விரித்து, சீட்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். பெட்டிகளையும் முன்பக்கமாக நெருக்கி அடுக்கினார்கள். குழவியை என் சேலைத் துணியில் சுற்றிச் சீட்டுக்கு அடியில் வைத்தேன். அவருக்கும் கல்லுக்கும் நடுவில் மகள் உட்கார்ந்தாள். முதல் திருப்பத்தில் ஸ்டியரிங் பிடித்தது. அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினார். திட்டின வாய்க்கு அதற்குமேல் வராது.

வளைவுக்கு வளைவு நடந்தேன். லாரி மூச்சுவாங்கி நின்றால் ஓடிப்போய்க் கட்டையைச் செருகுவேன். தண்ணீர் ஊற்றி இஞ்சின் ஆறியதும் எடுப்பேன். மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்துக் கூவினாள்.

"என்னக்கா, கல்லு சீட்டுல போவுது, நீ நடந்து போற?"

"அதுக்குக் காலு இல்லடி. எனக்கு இருக்கு!"

மலை முழுக்கச் சிரிப்பு கேட்டது. நானும் சிரித்தேன். வயிறு காலி, பாதம் கொப்புளம், முன்னால் பனிமூட்டம். ஆனாலும் நன்றாக வாழ்ந்துவிடுவோம் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அந்த ரோட்டில்தான். ஏற்றம் முடிந்த பிறகு தேயிலைப் பெட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் ஏரிக்கரையில் துரை காத்திருந்தார். வீட்டைச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பிறகு லாரியின் முன்பக்கம் வந்தவர் அப்படியே நின்றார். சீட்டில் கயிறு கட்டிய கருங்கல், அதன் மேல் கை போட்டுத் தூங்கும் என் மகள்.

"அது என்னா?"

என் வீட்டுக்காரர், கம்பெனி லாரியில் கல் ஏற்றியதற்கு வேலை போய்விடுமோ என்று பயந்து, "சாமிங்க தொரை" என்று சொல்லிவிட்டார்.

துரை தொப்பியைக் கழற்றினார். "சரி. பத்திரமா எறக்கு" என்று, தன் ஆள் ஒருவரையும் எங்களோடு அனுப்பிவைத்தார். அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு நான் சிரித்த சிரிப்பில் மகள் விழித்துக்கொண்டாள். சிரித்துக்கொண்டே அரிசியும் உளுந்தும் ஊறப் போட்டேன். மறுநாள் காலையில் என் அடுப்பு எரிந்தது.

துரை அந்தச் சக்கர வீட்டில் ரொம்ப நாள் இருக்கவில்லை. குளிரும் மழையும் தாங்காமல், அதை விற்றுவிட்டுச் சீமைக்கே போய்விட்டார். காரும் போனது, என் வீட்டுக்காரர் வேலையும் போனது. அவர் அறைக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வெளியே வழக்கம்போல மூட்டை தூக்குகிறவர்கள் தோசைக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மாவரைக்கப் போனேன். உட்காருவதற்கு முன் என்னையும் அறியாமல் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

இந்த முறை இருவருமே சிரிக்கவில்லை. அவர் எழுந்து வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து, குழவியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார். நான் மாவைத் தள்ளிவிட்டேன்.