சுவரில் ஒட்டிய பெயர்

மிசிசிப்பியில் எங்கள் பருத்தித் தோட்டத்தில் வெர்லீன் டிப்ஸ் அளவுக்கு வேகமாகப் பஞ்சு எடுக்க ஆள் கிடையாது. வாயும் அதே வேகம்தான். புருஷன் செத்து ஆறு வருஷம், ஒரே மகள் சிகாகோவில். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கொடுத்த பலகை வீட்டில் தனியாக இருந்தாள். பலகை இடுக்கில் குளிர் நுழையாமலிருக்க நாங்கள் எல்லோரும் பழைய செய்தித்தாளை மாவுப் பசையால் சுவர் முழுக்க ஒட்டுவோம். வெள்ளைக்காரர்கள் படித்து எறிந்த தாள்தான்.

1962 செப்டம்பரில் அவள் கோர்ட்டுக்குப் போய், ஓட்டுரிமை கேட்டு மனு எழுதிக் கொடுத்தாள். எங்கள் தோட்டத்துக் கறுப்பர்களில் அவள்தான் முதல் ஆள். மனு போட்டவர்களின் பெயர் இரண்டு வாரம் பேப்பரில் வரவேண்டும் என்று அந்த வருஷம்தான் சட்டம் போட்டிருந்தார்கள். மிரட்டக் கிளம்புகிறவர்களுக்கு யார் வீட்டைத் தேடிப் போவது என்று தெரிய வேண்டாமா? நாசமாய்ப் போன சட்டம்.

வியாழன்தோறும் வரும் எங்கள் ஊர்ப் பேப்பரில் முதல் வாரம் அவள் பெயர் வந்தது. மறுநாளிலிருந்து ஒரு பச்சை லாரி அவள் வீட்டைத் தாண்டும்போது மட்டும் மெதுவாகப் போனது. சர்ச்சில் அவள் பெஞ்ச் காலியாகிவிட்டது. நானும்தான் தள்ளி உட்கார்ந்தேன். நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

செவ்வாய்க்கிழமை துரை வந்தார். காரை விட்டு இறங்கவில்லை.

"வெர்லீன், மனுவ வாபஸ் வாங்கிடு. அடுத்த வாரமும் உன் பேரு வந்துச்சுன்னா, அன்னிக்கே வீட்ட காலி பண்ணிடணும்."

"எழுதத்தான் கத்துக்கிட்டேன் தொர. அழிக்க யாரும் சொல்லித் தரல."

வியாழக்கிழமை பேப்பரில் மறுபடியும் அவள் பெயர். நான் ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்பில் மாவுப் பசை கிண்டிக்கொண்டிருந்தாள்.

"காலி பண்ற வீட்டுக்கு எதுக்குக்கா பசை?"

"அடுத்து வர்றவ குளிர்ல வெறைக்கணுமா? சும்மா நிக்காதடி ஐடெல்லா, அந்த மூலையப் பிடி."

பெயர் இருந்த பக்கம் வெளியே தெரியும்படி, கதவுக்கு நேர் எதிரே ஒட்டினாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகளிடம் போக பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள். இரண்டு மைல். பச்சை லாரி பின்னாலேயே ஊர்ந்து போனது. நான் கூடப் போகவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவள் மகளிடமிருந்து எனக்குக் கடிதம் வந்தது. 'அம்மா எப்போது கிளம்புகிறாள்?' என்று கேட்டிருந்தாள்.

தங்கை வீட்டில் ஒண்டியிருந்த எனக்கே துரை அந்த வீட்டைக் கொடுத்தார். சுவரில் இருக்கும் அந்தத் தாளைச் சுரண்டிவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. வெந்நீர் வைத்தேன், கத்தியும் எடுத்தேன். அவள் பெயரைப் பார்த்ததும் கை ஓடவில்லை. கத்தியை வைத்துவிட்டு, திங்கட்கிழமை கோர்ட்டுக்குப் போனேன்.

இன்று பேப்பரில் என் பெயர் வந்திருக்கிறது. அவள் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டுவதற்குப் பசை கொதிக்கிறது. பச்சை லாரி இத்தனை நாளும் மெதுவாகக் கடந்துதான் போகும். இன்று வாசலில் நிற்கிறது.