சம்பந்தியம்மாவோடு கப்பல் பார்க்கப் போன கதை

காலை ஐந்தேகால் மணிக்குத் தென்னூரில் என் வீட்டு வாசலிலிருந்து கார் கிளம்பியது. போக வேண்டிய இடம் சென்னையையும் தாண்டி வடக்கே, கடலோரத்தில் புதிதாகக் கட்டியிருக்கும் சொகுசுக் கப்பல் முனையம். திருச்சியிலிருந்து ஏறக்குறைய முந்நூற்றறுபது கிலோமீட்டர். ஒன்பது மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று கேளுங்கள். ஸ்ரீரங்கத்தில் இருந்தேன். என் வீட்டிலிருந்து ஏழே கிலோமீட்டர்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் மீனா ஒரு கப்பலில் நர்ஸ். அதே கப்பலில் இன்ஜின் பகுதியில் வேலை பார்க்கும் ராகவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் ஸ்ரீரங்கம். அவன் அம்மா வைதேகி அம்மாள் கோயிலும் பெருமாளுமாக இருப்பவர். நாங்களோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறிக்குழம்பு வைக்கிற வீடு. பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணத்துக்கு அந்த அம்மாள் வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, ஆசீர்வாதமும் செய்யவில்லை. இரண்டு வருடமாக என் மகளோடு போனில்கூட ஒரு வார்த்தை கிடையாது. மகள் அழுததில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பேசும்போதும், "அவங்க எப்படி இருக்காங்கப்பா, போய்ப் பாத்தீங்களா?" என்று கேட்பாள்.

சீசன் தொடங்குவதற்கு முன், முனையம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அந்தக் கப்பல் ஒரே ஒரு நாள் அங்கே வந்து நிற்கப் போவதாகத் தெரிந்தது. ஊழியர்களின் குடும்பத்தார் மாலை ஆறு மணிக்குள் வந்தால் முனையத்தில் உட்கார்ந்து பேசலாம். சீசன் தொடங்கிவிட்டால் பயணிகள் கூட்டம். யாரையும் உள்ளே விட மாட்டார்கள். மகனைப் பார்க்கலாம் என்றதும் வைதேகி அம்மாள் வருகிறேன் என்றார். ஒருமுறை என் மகளை நேரில் பார்த்துவிட்டால் போதும், மற்றது தன்னால் நடக்கும் என்று எனக்கு ஒரு நப்பாசை. அதற்காக எதையும் பொறுத்துக்கொள்வது என்ற முடிவோடுதான் கிளம்பினேன். எதை என்று அப்போது தெரியாது.

கார் ரஃபீக்குடையது. கிலோமீட்டருக்குப் பதினான்கு ரூபாய், பேட்டா ஐந்நூறு. பன்னிரண்டு வருடம் துபாயில் டிரெய்லர் ஓட்டிவிட்டுப் பழையபடி பாலக்கரைக்கே வந்துவிட்டவர். காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் பூஜையில் இருந்தார். ஆறு ஆயிற்று, ஆறரை ஆயிற்று. ஏழு மணிக்கு வெளியே வந்தவர் கையில் மூன்று டம்ளர் பால்.

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை, வடக்கே சூலம். பால் சாப்ட்டுட்டுக் கிளம்பினா தோஷமில்லை. டிரைவருக்கும் குடுங்கோ, சார்."

எனக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. முப்பது வருடமாகக் கடுங்காப்பிதான். ஆனால் சம்பந்தி வீட்டில் முதல் முறையாகக் கையில் கொடுத்ததை எப்படி மறுப்பது? கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். ரஃபீக் 'பிஸ்மில்லா' சொல்லி ரசித்துக் குடித்தார்.

காரில் ஏறியதும் வைதேகி அம்மாள், "சித்த வடக்குப் பக்கமா போங்கோ. பரஸ்தானம் எடுக்கணும்" என்றார்.

நல்ல நாளும் கிளம்ப வேண்டிய நாளும் ஒத்துவராவிட்டால், முந்தின நல்ல நாளிலேயே ஒரு பையில் கொஞ்சம் அரிசியும் துணியும் வைத்துப் போகும் திசையில் இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அன்றைக்கே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கிளம்பும்போது அந்தப் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். எடுத்த பிறகு காரியம் முடியாமல் வீடு திரும்பக் கூடாது. அதுதான் பரஸ்தானம். திங்கட்கிழமையே அவர் தமது பையை வடக்கே நாலு தெரு தள்ளி, செல்வி என்பவர் வீட்டில் வைத்திருந்தார். நல்ல ஏற்பாடுதான். செல்வி வீட்டில் பூட்டுத் தொங்கியது.

பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே சொன்னார். "ஆறரை வரைக்கும் பையக் கையில வச்சுக்கிட்டு வாசல்லயே நின்னுச்சுங்க. நீங்க வரல. செவ்வாக்கிழமை, சமயபுரத்துல கூட்டம் இருக்கும்னு கடைக்குப் போயிருச்சு."

செல்விக்குச் சமயபுரம் கோயில் பக்கம் அர்ச்சனைத் தட்டுக் கடை. போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்?

"பை போனாப் போகுது, அப்படியே கிளம்பிடலாங்க" என்றேன், முடிந்தவரை மெதுவாக.

"அதெப்படி? என்னோட ஆதார் கார்டு அதுக்குள்ளேன்னா இருக்கு."

முனையத்தில் ஆதார் அசலைக் காட்டாமல் உள்ளே விட மாட்டார்கள் என்று நான் பத்து தடவை சொல்லியிருந்தேன். "பையில போய் ஏங்க அதை வச்சீங்க?"

"நம்மளோடதுன்னு ஏதாவது வெக்கணுமே. என் பேரும் மூஞ்சியும் இருக்கறது அது ஒண்ணுதானே?"

முப்பத்தைந்து வருடம் தொழிற்சாலையில் வெல்டர்களை மேய்த்தவன் நான். அங்கே இப்படி யாராவது சொல்லியிருந்தால் கூரை பறந்திருக்கும். சம்பந்தி என்கிற ஒரு வார்த்தை வாயைக் கட்டிப்போட்டது.

கொள்ளிடத்தைத் தாண்டிச் சமயபுரம் போனோம். செவ்வாய்க்கிழமைக் கூட்டம், மஞ்சள் புடவையும் வேப்பிலையுமாக நடந்து வருகிறவர்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தார்கள். செல்வி கடையைக் கண்டுபிடிக்கவே அரை மணி. பையை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தார். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு என்னைத்தான் திட்டினார். "பெரிய மனுசன், ஒரு அம்மாவ நேரத்தோட கூட்டியாரத் தெரியாதா?" நியாயம் எப்போதும் இப்படித்தான் என் பக்கம் வரும். சென்னை போகும் நெடுஞ்சாலை கண்ணெதிரே இருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பினோம். ரஃபீக் கண்ணாடி வழியே என்னைப் பார்த்து, "கப்பலுக்குத்தானே சார் போறோம்?" என்றார்.

பையை எடுத்தபோது மணி ஒன்பது. அந்த அம்மாள் கார் கதவில் கை வைத்தவர் அப்படியே நின்றார்.

"எமகண்டம் வந்துடுத்தே. பத்தரை வரைக்கும் கிளம்பப்படாது."

பத்தரைக்குக் கிளம்பினால் ஆறு மணிக்குள் போய்ச் சேர முடியாது. முடியவே முடியாது. கோபத்தில் எனக்கு மண்டை கொதித்தது. அந்தச் சூட்டிலோ என்னவோ ஒரு யோசனை பிறந்தது. "சம்பந்தியம்மா, நீங்க திங்கட்கிழமையே கிளம்பியாச்சு. பரஸ்தானம் வச்சாச்சுல்ல? நேத்துக் கிளம்பினவங்களுக்கு இன்னிக்கு எமகண்டம் என்ன பண்ணும்?"

அவர் யோசித்தார். "வாஸ்தவம்தான்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய வெற்றிகளில் அது ஒன்று.

வெற்றி பெரம்பலூர் வரைதான் தாங்கியது. பால் தன் வேலையைக் காட்டிவிட்டது. பெரம்பலூரிலும் உளுந்தூர்ப்பேட்டையிலும் ரஃபீக் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று. மூன்றாவது தடவை விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டி. கழிப்பறைக்கு ஐந்து ரூபாய், டீ பதினைந்து. டீயை ரஃபீக் மட்டும் குடித்தார். வைதேகி அம்மாள் காரை விட்டு இறங்கவில்லை. வெளியிடத்தில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டார். தமது கூஜாவிலிருந்து குடித்துவிட்டு, "உடம்புக்கு முடியலையா சார்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். "பால் ஒத்துக்கலைங்கம்மா, வெக்கப்படறாரு" என்று ரஃபீக் போட்டுக்கொடுத்துவிட்டார். அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சென்னை வெளிவட்டச் சாலையைப் பிடித்து வடக்கே வந்தபோது மூன்றரை. அதற்கப்புறம் வந்தது உண்மையான சோதனை. போனில் வரும் வரைபடத்தைப் பொறுத்தவரை அந்த முனையம் இன்னும் கட்டப்படவே இல்லை. அது எங்களை ஒரு கன்டெய்னர் கிடங்கின் பின்புறச் சுவரில் கொண்டுபோய், 'வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்றது. முன்னால் லாரி, பின்னால் லாரி. ஒரு காவலாளி, "புதுசா? அது அடுத்த கேட்டு" என்றார். அடுத்த கேட்டில், "பழைய கேட்டுக்குப் போங்க" என்றார்கள். பழைய கேட்டில் ஒருவருமே இல்லை, ஒரு நாய் இருந்தது. கடைசியில் ரஃபீக் இறங்கி ஒரு லாரி டிரைவரிடம் ஹிந்தியில் பேசி வழி கேட்டு வந்தார். முனையத்தின் பெயர்ப் பலகை மேல் பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமலே மாட்டியிருந்தார்கள். அந்த வழியாக நாங்கள் இரண்டு முறை போயிருக்கிறோம்.

ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு உள்ளே நுழைந்தோம். வாடகைக் கார் உள்ளே போகக் கூடாதாம். நல்ல வெயிலில் அரை கிலோமீட்டர் நடை. நான் பையை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கொடுக்கவில்லை.

முனையத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இதைப் பயணக் கட்டுரை என்று யார் சொல்வார்கள்? திருச்சி ஜங்ஷனில் பாதி இருக்கும். கண்ணாடிச் சுவர். பளிங்குத் தரை. வரிசை வரிசையாக நாற்காலிகள், எல்லாம் இன்னும் பாலித்தீன் உறையோடு; உட்கார்ந்தால் கிறீச்சிடும். ஏசி மட்டும் சீசனே தொடங்கிவிட்டது போல ஓடிக்கொண்டிருந்தது. நகரும் படிக்கட்டு நகரவில்லை. கண்ணாடிக்கு வெளியே கப்பல் நின்றது. பத்து மாடிக் கட்டடத்தைப் படுக்கவைக்காமல் அப்படியே தண்ணீரில் நிறுத்திவைத்தது போல, வெள்ளை வெளேரென்று. திட்டிக்கொண்டே வந்த நானும் ஒரு நிமிடம் நின்று பார்த்தேன்.

கவுன்ட்டரில் இருந்த பெண் எங்கள் ஆதாரை வாங்கிப் பார்த்து, எங்கேயோ போன் செய்தாள். பிறகு வருத்தமாகத்தான் சொன்னாள். "இன்ஜின் ஸ்டாஃப் யாரும் இறங்க முடியாதும்மா. கப்பல் கிளம்பறதுக்கு ரெடி பண்ணிட்டு இருக்காங்க. அவங்களப் பாக்கணும்னா நாலு மணிக்கு முன்னாடி வந்திருக்கணும். மெடிக்கல் ஸ்டாஃப் மட்டும் ஒரு பதினஞ்சு நிமிஷம் வரலாம். கூப்பிடவா?"

அதாவது மகன் வர மாட்டான். என் மகள் மட்டும் வருவாள்.

இந்த அம்மாள் மகனைப் பார்க்க வந்தவர். இப்போது எழுந்து, 'அப்போ நான் வரேன்' என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? கப்பலிலிருந்து இறங்கி வருகிற என் மகள் காலி நாற்காலியைப் பார்ப்பாளா?

வைதேகி அம்மாள் பையை இறுகப் பிடித்துக்கொண்டு கப்பலையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

"பரஸ்தானம் எடுத்தாச்சு. யாரையும் பாக்காம திரும்பற பேச்சு கிடையாது. அவளைக் கூப்பிடு."

மீனா வெள்ளைச் சீருடையில் ஏறக்குறைய ஓடி வந்தாள். எங்களுக்குப் பத்தடி முன்னால் வந்ததும் கால் தயங்கிவிட்டது. என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கும்பிட்டாள். காலில் விழுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி குனிந்து நின்றாள்.

"வேளைக்குச் சாப்பிடறானா?" என்றார் அந்த அம்மாள். இரண்டு வருடத்தில் முதல் வார்த்தை.

"சாப்பிடறாருங்க. தயிர்சாதம் நானே போய்க் கேட்டு வாங்கிடுவேன்."

"நீ?"

அப்போதுதான் மீனா அழுதாள். அந்த அம்மாள் அவளைக் கிறீச்சிடும் நாற்காலியில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். இருவரும் என்ன பேசினார்கள் என்பதை நான் எழுதப் போவதில்லை. நான் எழுந்து போய் ஓடாத படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கவுன்ட்டர் பெண் கடிகாரத்தைக் காட்டியபோது திரும்பி வந்தேன்.

"உன்னோடது ஏதாவது ஒண்ணு குடு" என்று கேட்டுக்கொண்டிருந்தார் வைதேகி அம்மாள். மீனா ஒன்றும் புரியாமல் சீருடைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை மடித்துப் பரஸ்தானப் பையில் அரிசியோடு வைத்து முடிந்தார்.

"இன்னிக்குச் சூலம் வடக்கேதான். தெக்கே வர்றவாளுக்கு ஒண்ணும் கிடையாது. நீங்க ரெண்டு பேரும் ஆத்துக்குக் கிளம்பியாச்சு. லீவு எப்போ கிடைக்கறதோ அப்போ வந்து சேருங்கோ."

கப்பல் கிளம்பும்வரை வெளிவேலி ஓரமாக நின்றோம். ஊதல் சத்தம் வயிற்றுக்குள் இறங்கியது. எந்த ஜன்னலில் ராகவன் இருந்தான் என்று தெரியவில்லை. இன்ஜின் அறைக்கு ஜன்னலே கிடையாது என்று ரஃபீக் என் காதில் மட்டும் சொன்னார். அந்த அம்மாள் எல்லா ஜன்னலுக்கும் பொதுவாகக் கை காட்டினார்.

இருட்டத் தொடங்கியபோது காரில் ஏறினோம். மறுபடியும் முந்நூற்றறுபது கிலோமீட்டர். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "ரஃபீக், நேரா ஸ்ரீரங்கம் விடுங்க. அம்மாவ இறக்கிட்டு நம்ம போவோம்" என்றேன்.

"இல்லை" என்றது பின் சீட். "இந்தப் பையை எங்காத்துல வெக்கப்படாது. அது அவா வந்து சேர வேண்டிய எடம்னா. பரஸ்தானத்தை வேற ஒருத்தர் ஆத்துலதான் வெக்கணும். தென்னூருக்கு வரேன், சம்பந்தி."

காலையிலிருந்து என்னை சார், சார் என்றவர். நான் திரும்பிப் பார்க்காமல் போனை எடுத்து மனைவிக்குச் சொன்னேன். அவளுக்குக் கை கால் ஓடவில்லை. "ஐயோ, எத்தனை மணியானாலும் சரி, கூட்டிட்டு வாங்க. ஆனா நம்ம வீட்ல அவங்க எதுவும் சாப்பிட மாட்டாங்களே. என்ன குடுக்கறது?"

பின்னால் திரும்பிக் கேட்டேன்.

"பால் காய்ச்சி வெக்கச் சொல்லுங்கோ, ஒரு டம்ளர்" என்றார் வைதேகி அம்மாள். "எனக்கு மட்டும். உங்களுக்கு வேண்டாம்."