கேமராவில் இடம் வலம்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். கோட்டாற்றுக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்தவள். தராசைப் பிடித்திருக்கும் கையைப் பார்க்காமல் எங்கள் வீட்டில் யாரும் கருப்பட்டிகூட வாங்கமாட்டார்கள். அப்படிப்பட்ட என்னைத்தான் புதுக்கடை என்ற ஊருக்கு அந்தப் பக்கம், கடற்கரை ஊர் ஒன்றின் மாதா கோயில் மண்டபத்தில், பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க அனுப்பினார்கள். ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வந்து சேராத காலம். மூன்று கம்ப்யூட்டர், பதினோரு பெண்கள். பெரும்பாலும் வீட்டுக்காரரோ மகனோ வளைகுடாவில் இருப்பவர்கள்.

அவர்களில் ஒரு மீன்கார அக்காவை எனக்குப் பிடிக்கவே இல்லை. காலிப் பாத்திரத்தை வாசலில் கவிழ்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி வந்து உட்காருவார். மெயில் எழுதச் சொன்னால், “அது எனக்கு வேண்டாம் டீச்சர்” என்பார். கேட்பதெல்லாம் வீடியோ கால் பற்றித்தான். படத்தைப் பெரிதாக்க முடியுமா? பேசுகிறவன் அறியாமல் பெரிதாக்க முடியுமா?

யாரையோ வேவு பார்க்கப் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். அவருடைய மகன் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை செய்தான், கல்யாணம் ஆகாதவன். அங்கே எவளாவது இருக்கிறாளா என்று துப்புத் துலக்க நான் வழி காட்டுவதா? கேட்டதற்கு மட்டும் வெடுக்கென்று பதில் சொன்னேன்.

அவருக்கோ கம்ப்யூட்டர்மேல் சந்தேகம். அணைத்த பிறகும் அது பார்த்துக்கொண்டிருக்கும் என்று கேமராமேல் கைக்குட்டையைப் போட்டு மூடுவார்.

ஒருநாள் இரண்டு கம்ப்யூட்டர்களை இணைத்துப் பழக்கினேன். “உங்க படம் உங்களுக்குக் கண்ணாடியில பாக்கிற மாதிரி தெரியும். எதிராளி படம் அப்படியில்ல, நேருக்கு நேர் உக்காந்திருக்கிற மாதிரி. அவங்க வலக்கை உங்களுக்கு இடப்பக்கம் தெரியும்.” அக்கா விடவில்லை. “அப்போ வலக்கை இந்தப் பக்கமா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

“கை எந்தப் பக்கம் இருந்தா உங்களுக்கு என்ன அக்கா?” என்று சிடுசிடுத்தேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “நாலு மாசமா அவன் மொகத்தக் காட்டல்ல டீச்சர். கேட்டா கேமரா கேடாயிப் போச்சுங்கான். கூட வேல செய்யுத பய லீவுல வந்தான். ‘கைதான்…’ன்னு ஏதோ சொல்ல வந்து, பாதியில முழுங்கிட்டான். எனக்க பிள்ளைக்கு என்னமோ ஆயிருக்கு.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஒரு தாயின் பயத்தைத்தான் இத்தனை நாளும் வேவு என்று நினைத்திருக்கிறேன்.

முகம் காட்டினால்தான் இனிமேல் போன் எடுப்பேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்தார். வெள்ளிக்கிழமை, அவனுக்கு விடுமுறை நாளில், வகுப்புக் கம்ப்யூட்டரில் அவன் வந்தான். சிரித்த முகம். வலது தோள் திரைக்கு வெளியே இருக்கும்படி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அக்கா சுகம்கூட விசாரிக்கவில்லை.

“மொதல்ல ஜெபம் சொல்லுவோம் மக்கா” என்றார்.

சொல்லிக்கொண்டே சிலுவை அடையாளம் போட்டார். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து பழகிய பழக்கம், யோசிக்கவே வேண்டியதில்லை. அவன் கையும் தானாக நெற்றிக்குப் போனது. போனது இடக்கை. இடக்கையால் சிலுவை போட்டால் அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அடி விழும். நெஞ்சுக்கு வந்த கை அங்கேயே நின்றுவிட்டது. சிரிப்பும் போய்விட்டது.

யாரையும் லேசில் நம்பாத நான் அன்றைக்கு வாய் கூசாமல் பொய் சொன்னேன். “அக்கா, இதுல படம் இடம் வலம் மாறித்தான் தெரியும்.”

அவர் திரும்பவில்லை.

“மாறித் தெரியுதது நம்ம படம் மட்டுந்தான்னு நீங்கதானே டீச்சர் சொல்லித் தந்திய.”

பிறகு, நான் சொல்லாமலே, மவுஸை நகர்த்தி மகனுடைய படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினார்.

“ஒனக்க வலக்கையக் காட்டு மக்கா” என்றார்.