ஈரான் சிவிங்கிப்புலியின் இடத்தில் வைத்த படம்

உசிலம்பட்டியிலிருந்து வந்த டீச்சர், எங்கள் அச்சகத்தில் அச்சான சார்ட்டைக் கவுண்டரில் விரித்து ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார்.

“இது சிவிங்கிப்புலியா? நல்லாப் பாருங்க. சிறுத்தையப் போட்டு வச்சிருக்கீங்க. இத வச்சு எப்படிப் பாடம் நடத்துறது?”

தொண்ணூறுகளின் கடைசி. மதுரை சிம்மக்கல்லில், கணினியில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. ஆபரேட்டராக இருந்தேன். பள்ளிகளுக்கான அந்த சார்ட்டில் சீட்டா எனப்படும் சிவிங்கிப்புலியின் நான்கு வகைகளும் அவை வாழும் இடங்களும் இருந்தன. மூன்று ஆப்பிரிக்காவுக்கு உரியவை. நான்காவது ஆசிய வகை. நம் நாட்டில் அற்றுப்போய், ஈரானில் மட்டும் மிஞ்சியிருப்பது. தப்பு அந்த நான்காவதில்தான்.

புரூஃப் பார்த்தவர் செல்லூர் சரோஜா அக்கா. ஒற்றுப் பிழையைக்கூட விடமாட்டார். “தம்பி, கண்ணுலருந்து வாய் வரைக்கும் கறுப்புக் கோடு இறங்கணும். அதான் சிவிங்கிக்கு அடையாளம்” என்று நாலு படத்தையும் சரிபார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

அதன்பிறகு அச்சுக்கு ஃபிலிம் எடுக்கும்போது ஈரான் படம் மங்கலாகத் தெரிந்தது. சிடியில் இருந்த வேறொரு படத்தை வைத்தேன். உடம்பில் புள்ளி இருந்தது, போதும் என்று நினைத்தேன். அக்காவிடம் காட்டவில்லை.

முதலாளி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“நான் பாத்தப்ப இந்தப் படம் இல்லண்ணே.”

“அப்ப படம் தானா நடந்து வந்து உக்காந்துருச்சா?” முதலாளி என் பக்கம் திரும்பினார். “என்னப்பா?”

“அக்கா ஓகே பண்ணதத்தாண்ணே ஃபிலிம் எடுத்தேன்.”

கையெழுத்துப் போட்ட புரூஃப் தாள் வேஸ்ட் பேப்பரோடு போய்விட்டது எனக்குத் தெரியும். அக்கா என்னையே பார்த்தார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொன்னதும், டிபன் பையை எடுத்துக்கொண்டு, “வாரேண்ணே” என்று அவரிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நாலு வருஷம் கழித்துச் செல்லூரில் அக்காவின் வீட்டைத் தேடிப் போனேன். அக்கா தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அந்தப் படத்த நாந்தான் மாத்துனேன்.”

“தெரியும்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேக்கா?”

“நீ சொல்லுவன்னு நெனச்சேன் தம்பி. வாசலத் தாண்டுற வரைக்கும் நெனச்சேன்.”

மறுநாள் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். “இம்புட்டு நாள் கழிச்சு அதுக்கு என்னப்பா?” என்று வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இன்று இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கையெழுத்தான புரூஃபில் எதையும் மாற்றாதீர்கள். மாற்றிவிட்டால், முதலாளி கேட்கும் அந்த நிமிடமே ஒப்புக்கொள்ளுங்கள். நான் பிறகு சொன்னது அக்காவுக்கு எதையும் திருப்பித் தரவில்லை.