சாமிக்கும் ஒரு பீர் கூப்பன்

குழந்தைகள் குதித்து விளையாடும் இடத்தில் பீர் விற்கலாமா என்று எங்கள் செம்பூர் கட்டடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக அடிதடி. கூடாது என்பவர்கள் கும்பிடும் கைகளாக அனுப்புகிறார்கள். என்ன தப்பு என்பவர்கள் வெளிநாட்டுக் கதை சொல்கிறார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என் தம்பி மகளின் பிறந்தநாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் பஸ்ஸில் எனக்குத் தனியாகச் சிரிப்பு வந்துவிடும், பக்கத்து சீட்டுக்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

தம்பி தாராவியில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறான். பகலெல்லாம் தங்கமான ஆள். சாயங்காலமானால் குடிப்பான். குடித்துவிட்டு யாரையும் அடிக்க மாட்டான், திட்ட மாட்டான். பாடுவான். அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும், அதுவும் ஒரு கொடுமை என்று.

வருஷத்தில் ஒரு பருவம் மட்டும் அவன் சுத்தம். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால், மலைக்குப் போய்த் திரும்பி மாலையைக் கழற்றும்வரை ஒரு சொட்டு தொட மாட்டான். கறுப்பு வேட்டி, வெறுங்கால், இரண்டு வேளைக் குளியல். அந்த நாட்களில் அவனை எல்லாரும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும், பெற்ற மகள் உள்பட. எனக்கு அந்த மரியாதை நாக்கில் நிற்காது. பிறந்ததிலிருந்து 'ஏலே' என்று கூப்பிட்ட வாய், 'ஏலே சாமி' என்றுதான் வரும். மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே சாமி மலையேறிவிடும். பட்டறைச் சந்தில் பாட்டுக் கேட்கும்.

இதையெல்லாம் பார்த்தே வளர்ந்தவள் அவன் மகள். அவன் வீடு திரும்பும் நேரத்தில் டிராஃபிக் போலீஸ் மாதிரி வாசலில் நின்று, "ஊதுங்க" என்பாள். அவன் குனிந்து அவள் முகத்தில் ஊதுவான். வாசனை இல்லையென்றால் வழி விடுவாள். இருந்தால் ஒன்றும் சொல்லாமல் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். மாலை போட்டிருக்கும்போது மட்டும் இந்தச் சோதனை கிடையாது. சாமியை ஊதச் சொல்லக் கூடாதாம், அது அவளே போட்ட சட்டம். இன்றைக்கும் சில நாள் அந்த வாசலில் சோதனை நடக்கத்தான் செய்கிறது.

நான் சொல்ல வந்த பிறந்தநாளுக்கு முந்தைய வருஷம் பட்டறை மாடியில் கொண்டாடினோம். ஆண்கள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தனியாகக் கொண்டாடினார்கள். கேக் வெட்டுகிற நேரத்தில் என் தம்பி பாடிக்கொண்டே வந்து, கால் இடறி, கேக்குக்குள் இரண்டு கையையும் ஊன்றிவிட்டான். அவள் பள்ளித் தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வருஷம் அவளே எனக்குப் போன் போட்டாள். "அத்தே, இந்தவாட்டி மாடி வேண்டாம். டிராம்போலின் இருக்குற எடத்துல வைங்க. அங்க பாட்டில் இருக்காதுல்ல?"

"பிள்ளைங்க குதிக்கிற எடத்துல எவம்ட்டி பாட்டில் வைப்பான்?"

"பக்கா?"

"பக்கா."

இப்படி வாக்குக் கொடுத்துவிட்டு, செம்பூரில் ஒரு மாலில் மேல்மாடி முழுக்கப் பரந்து கிடந்த விளையாட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் பிடித்தேன். பந்துக் குளம், சறுக்கு, வரிசையாக டிராம்போலின், காது கிழியும் பாட்டு. வாசலில் குழந்தைகளுக்குப் பச்சைப் பட்டை, பெரியவர்களுக்கு ஆரஞ்சுப் பட்டை என்று மணிக்கட்டில் ஒட்டினார்கள். ஆரஞ்சுப் பட்டையோடு ஒரு கூப்பனும் கொடுத்தார்கள். சமோசாவுக்காக இருக்கும் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

தம்பி மலையிலிருந்து திரும்பி, அரவணைப் பாயசம் டப்பாவில் என் வீட்டுக்கு வந்து, அதை நான் வழித்துத் தின்றும் முடித்தாயிற்று. ஆகையால் பேண்ட் சட்டையில் வருவான் என்று எதிர்பார்த்தேன். வந்தது கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, சந்தனப் பொட்டு, கழுத்தில் மாலை, வெறுங்கால்.

"ஏலே சாமி, மாலை இன்னுமா கழட்டல?"

"உங்க மருமவ விட்டாத்தானக்கா. கேக் வெட்டுத வரைக்கும் கழுத்துலதான் கெடக்கணும்னு ஆர்டர்."

அவன் மனைவி பின்னாலிருந்து சிரித்தாள். "ஆமா மைனி. கழட்டுனா நான் பர்த்டேக்கே வரலன்னு ஒரே பிடியா நின்னுட்டா."

மலையிலிருந்து வந்ததும் கழற்றுவதுதான் முறை. யாத்திரை முடிந்தும் மாலையோடு திரிகிற சாமியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பொடிசின் கணக்கு எனக்குப் புரிந்தது. பாட்டில் இல்லாத இடம் ஒரு பூட்டு, மாலை இன்னொரு பூட்டு. இரண்டு பூட்டையும் போட்டுவிட்டுத்தான் இந்த வருஷம் கேக் வெட்டப் போகிறாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் நான் திரும்பினேன். பந்துக் குளத்துக்குப் பக்கத்திலேயே மஞ்சள் விளக்குப் போட்ட ஒரு கவுண்டர். அதற்கு மேலே நுரை வழியும் கிளாஸ் படம் போட்ட பலகை. முன்னால் அப்பாக்களின் வரிசை, ஒவ்வொருவர் கையிலும் ஒரு கூப்பன். பையிலிருந்து என் கூப்பனை எடுத்துப் படித்தேன். பெரியவர்களுக்கு ஒரு கிளாஸ் பீர் இலவசம்.

டை கட்டிய மேனேஜரைப் பிடித்தேன். எனக்குக் கோபம் வந்தால் இந்தியும் தமிழும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். "பச்சோங்கா ஜகா மே தாரு? பிள்ளைங்க எடத்துல குடியா? உங்களுக்கு அறிவு இருக்கா?"

"மேடம், லைசென்ஸ் ஹை. பேரண்ட்ஸ் லோக் போர் ஹோ ஜாத்தே ஹைன். அவுர் தேக்கியே, பவுண்டரி பி ஹை." லைசென்ஸ் உண்டாம், சும்மா இருந்தால் பெற்றோருக்குப் போரடிக்குமாம், எல்லைகூடப் போட்டிருக்கிறாராம். அவர் காட்டிய எல்லை, முழங்கால் உயரத்தில் ஒரு சிவப்புக் கயிறு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குழந்தை அதில் ஊஞ்சலாடியது.

வேறு வழியில்லை. கொண்டு போயிருந்த பிறந்தநாள் பேனரை எடுத்துக் கவுண்டருக்குக் குறுக்கே கட்டினேன். ஒரு முனை தூணில், மறு முனை என் கையில். அப்பாக்கள் ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே போய், கிளாஸோடு குனிந்து வெளியே வந்தார்கள். கோயில் சன்னதியில்கூட அவ்வளவு பணிவை நான் பார்த்ததில்லை.

நாற்காலியில் கிளாஸோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணிக்குப் பொறுக்கவில்லை. மாட்டுங்காப் பக்கத்து ஐயர் வீட்டுக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. "என்ன பண்றேள்? அத மறச்சுண்டு நிக்கறேளே!"

"பிள்ளைங்க பார்க்குற எடத்துல இதெல்லாம் வேணுமா?"

"ஏன், எனக்கு வேணுமே! வாரம் பூரா ஆஃபீஸ், டிரெய்ன், சமையல். ஞாயித்துக்கிழமை என் பொண்ணு குதிக்கறா, நான் ஒரு கிளாஸ் வச்சுண்டு அவளப் பாக்கறேன். ஆம்பளைகள் எங்கேயோ போய்க் குடிச்சுட்டு வந்தா ஒருத்தரும் கேக்கறதில்லை. நான் குழந்தை பக்கத்துல இருந்துண்டு குடிச்சா தப்பா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் என் எரிச்சலை இன்னும் கிளப்பியது. "உங்களுக்கு ஒரு கிளாஸ்னா ஒரு கிளாஸ். என் தம்பிக்கு ஒரு கிளாஸ்னு ஒண்ணு கெடையாதுங்க. அதோ நிக்கானே, கறுப்பு வேட்டி. அவன் குடிக்கக் கூடாதுன்னுதான் அவன் மக இந்த எடத்தையே கேட்டா."

அவர் தம்பியைப் பார்த்தார். பந்துக் குளத்தில் பச்சைப் பட்டையோடு மிதந்துகொண்டிருந்த அவளைப் பார்த்தார். பிறகு கிளாஸை இடது கைக்கு மாற்றி, வலது கையால் பேனரின் தொய்ந்த பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "சீக்கிரம் கேக்க வெட்டச் சொல்லுங்கோ. கை வலிக்கறது."

கேக் வெட்ட அவள் வந்தால்தானே? பந்துக் குளத்திலிருந்து ஏறி நேராக டிராம்போலினுக்கு ஓடினாள். அங்கிருந்து கத்தினாள். "சாமி! வாங்க! ரெண்டு பேரும் குதிக்கலாம்!"

சாமி சந்தோஷமாகப் புறப்பட்டார். வாசலில் நின்ற பணிப்பெண் தடுத்தாள். வழுக்காத சாக்ஸ் போட்டால்தான் உள்ளே விடுவார்களாம். கிளிப்பச்சை நிறத்தில் ஒரு ஜோடியை நீட்டினாள். தம்பி அதைத் தொடவே இல்லை. மாலை போட்டவன் காலில் எதையும் மாட்டக் கூடாது. சாக்ஸ் செருப்பில் சேருமா சேராதா என்று அங்கேயே ஒரு வழக்கு ஆரம்பமாகி, பாண்டுப்பில் இருக்கும் குருசாமிக்குப் போன் போய், ஸ்பீக்கரில் அவர் குரல் வந்தது.

"சாமி, எங்க இருக்கிய? என்ன சத்தம் அது?"

"டிராம்போலின் சாமி."

"மாலை இன்னும் கழுத்துலயா கெடக்கு? குதிக்கணும்னா கழட்டிட்டுக் குதியும்யா! மாலையும் போட்டு சாக்ஸும் போட்டு, நல்லாவா இருக்கு? பெத்த அம்மா கையாலதான் கழட்டணும், அவுக பக்கத்துல இல்லன்னா சின்னப் பிள்ளை கையால கழட்டலாம், ஒண்ணும் தப்பில்ல." போன் வைக்கப்பட்டது.

பணிப்பெண் சாக்ஸை நீட்டியபடி நின்றாள். மகள் டிராம்போலினிலிருந்து இறங்கி வந்தாள். அப்பா தன்னோடு குதிக்க வேண்டும் என்றால் மாலை இறங்க வேண்டும். மாலை இறங்கினால் சாமி போய்விடும். பரவாயில்லை, இங்கேதான் பாட்டில் இல்லையே என்று அவள் நினைத்திருப்பாள். கை நீட்டினாள்.

அந்த நேரத்தில் ஓர் உயரமான அப்பா குனிய மறந்து நிமிர, பேனர் அவர் கழுத்தில் மாலையாக விழுந்தது. கவுண்டர், குழாய், நுரைப் படம், எல்லாம் பளிச்சென்று நின்றன. அவள் பார்த்துவிட்டாள். நீட்டிய கை அப்படியே நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'பக்கா' சொன்ன நான், கையிலிருந்த பேனர் முனையைச் சும்மா இழுத்தேன்.

பிறகு அவள் அவனிடம் கேட்டாள். "கழட்டுனா அங்க போவீங்களா?"

நான் தம்பியை இருநூறு தடவை திட்டியிருப்பேன். ஆனால் அப்போது அவன் முகத்தைப் பார்த்தபோது பாவமாக இருந்தது. அவன் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தான். "போகணும்னு இருக்கும்ட்டி. போக மாட்டேன்."

அவள் கவுண்டரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி, குனிங்க" என்றாள். மாலை அவன் காதில் சிக்கி, அவள் இழுக்க, அவன் "ஸ்ஸ்" என்று முனகியபடியே சரணம் சொல்ல, ஒரு வழியாக வெளியே வந்தது. இரண்டு பேரும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தம்பி மனைவியின் முந்தானையில் போட்டார்கள்.

அடுத்து நடந்ததைத்தான் நான் பஸ்ஸில் நினைத்துச் சிரிப்பது. கிளிப்பச்சை சாக்ஸை மாட்டியவன், வேட்டி தடுக்கும் என்று அதை உருவி என்மேல் எறிந்தான். உள்ளே அரை டிராயர் இருந்தது, கடவுள் காப்பாற்றினார். மேனேஜர் "மேடம், மேடம்!" என்று ஓடி வந்தார். பலகையை மூட எதையாவது தேடிக்கொண்டிருந்த எனக்கு வேட்டி கிடைத்தது. எட்டி அதை நுரைப் படத்தின் மேல் தொங்கவிட்டேன். தம்பி ஒரு குதி குதித்தான். அவன் இறங்கிய வேகத்தில் அவள் மேலே போனாள். "அப்பா! இன்னும்! இன்னும் ஒசரமா!" என்று கத்தினாள். மாலை போட்டதிலிருந்து அவள் வாயில் வராத சொல் அது. மாட்டுங்கா அம்மாள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

மூச்சிரைக்க அவன் வெளியே வந்தான். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. நேராகக் கவுண்டரைப் பார்த்து நடந்தான். "ஏலே" என்று கூப்பிட்டேன், பாட்டுச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. டிராம்போலினில் அவள் குதிப்பதை நிறுத்திவிட்டாள். மற்ற குழந்தைகள் குதித்ததால் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஆடியபடி அவன் முதுகையே பார்த்தாள்.

அவன் கூப்பனை நீட்டினான். கவுண்டர்காரர் பெரிய கிளாஸை எடுத்தார். தம்பி தலையாட்டி வேறெதையோ காட்டினான். தண்ணீருக்குக் கூப்பன் செல்லாது என்று அவர் சொன்னது எங்களுக்கே கேட்டது. அவன் கூப்பனை அங்கேயே போட்டுவிட்டு, குழந்தைகளுக்கு வைத்திருந்த தண்ணீர்க் குடத்துக்குப் போய், கரடி படம் போட்ட காகிதக் கப்பில் மொண்டு மொண்டு குடித்தான்.

கேக்கைக் கொண்டு வந்தோம். அவள் வெட்டினாள். முதல் துண்டோடு அவள் திரும்பியபோது அவன் முட்டி போட்டு முகத்தை நீட்டி, "ஊதட்டா?" என்று வாயைத் திறந்தான்.

அவள் மோந்து பார்க்கவில்லை. திறந்த வாயில் கேக்கைத் திணித்தாள்.

வாய் நிறையக் கேக்கோடு அவன் பிறந்தநாள் பாட்டை ஆரம்பித்தான். அந்த ஹாலே திரும்பிப் பார்த்தது. இத்தனை வருஷமாக அது குடியால் கெட்ட குரல் என்று நினைத்திருந்தேன். ஒரு சொட்டு இறங்காமலும் அவன் பாட்டு அப்படியேதான் இருந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், இந்தத் தடவை என்னாலும் சேர்ந்து சிரிக்க முடிந்தது.