டீ குடித்துவிட்டு வாருங்கள்

அக்காவை நினைத்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும், அவருடன் வார்டில் பணிபுரிந்த சகோதரிகளுக்கும், அவர் கையால் ஊசி போட்டுக்கொண்ட அனைவருக்கும் வணக்கம். அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. எழுதும் பொறுப்பை அத்தான் என் தலையில் கட்டிவிட்டார். கம்ப்யூட்டர் தட்டுகிறவனுக்குத் தமிழில் எழுத வருமா என்று அக்கா இருந்திருந்தால் சிரித்திருப்பார். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒர்க் ஷாப் வேலைக்கு வந்த எங்கள் அப்பாவுக்கு அவர் மூத்த பிள்ளை, நான் இளையவன். ஒருமுறை அப்பா கையில் இரும்பு விழுந்து, பெரிய கட்டோடு வீட்டுக்கு வந்தார். வலிக்கிறதா என்று நாங்கள் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லலே, போய் விளையாடு" என்றார். நாங்கள் வெளியே போனதும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் முனகியது முற்றம் வரை கேட்டது. எங்கள் வீட்டில் வலி என்பது பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் சொல்ல வேண்டிய சமாச்சாரம். அன்று நான் விளையாடப் போய்விட்டேன். அக்கா கதவருகிலேயே நின்றிருந்தார்.

அப்பா சீக்கிரமே காலமானார். அக்கா நர்ஸிங் படித்து, செகந்திராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் என்னைப் படிக்க வைத்தார். ஹைடெக் சிட்டிப் பக்கம் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தபோது அவற்றில் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. அதற்குள் அக்கா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அத்தானை மணந்து சைனிக்புரி வீட்டுக்குப் போயிருந்தார். நான் கார் வாங்கிய பிறகும் அவர் டூட்டிக்கு பஸ்ஸில்தான் போனார். பஸ்ஸில்தான் ஜனங்கள் உண்மை பேசுகிறார்களாம்.

அவருடன் வேலை பார்த்தவர்களுக்கு அக்காவின் வழக்கம் தெரியும். படுக்கையைச் சுற்றி உறவினர்கள் நிற்கும்போது நோயாளியிடம் அவர் எதுவும் கேட்கமாட்டார். தலையணையைச் சரிசெய்வார், ஜன்னலைத் திறப்பார், பிறகு சிரித்த முகத்துடன், "எல்லாரும் போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். தெலுங்கில் கேட்பவர்களுக்குத் தெலுங்கில், ஹிந்தியில் கேட்பவர்களுக்கு ஹிந்தியில். அறை காலியானதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவார். நின்றுகொண்டு கேட்டால், பதில் வரும் முன்பே நாம் கிளம்பப் போகிறோம் என்று நோயாளிக்குத் தோன்றிவிடுமாம். கேண்டீன்காரருக்கு இதில் ஏக குஷி. கும்பலாக யார் வந்தாலும், "ஆயியே, சாய் சிஸ்டர் கே மெஹ்மான்!" என்று வரவேற்பார். டீ சிஸ்டரின் விருந்தாளிகளாம்.

பிரசவமான இளம்பெண் ஒருவரைப் பற்றி அக்கா அடிக்கடி சொல்வார். மாமியார் படுக்கையோரமே உட்கார்ந்திருக்க, கணவர் வாசலில் நிற்க, டாக்டர் கேட்டபோதும் மற்ற நர்ஸுகள் கேட்டபோதும் அந்தப் பெண், "ஏம் லேது, பாகானே உந்தி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று. அக்கா டூட்டிக்கு வந்ததும் மாமியாரை டீ குடிக்க அனுப்பினார். அந்த அம்மாள் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஸ்டூலில் உட்கார்ந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ரத்தப்போக்கு நிற்கவே இல்லை, மாமியார் முன்னால் எப்படிச் சொல்வேன் என்று அந்தப் பெண் அழுதுவிட்டார். டாக்டர் ஓடி வந்தார், அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். மறுநாள் அக்காவுக்கு ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவந்தவர் அதே மாமியார்தான்.

இப்படி ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்தவர், தனக்கு வந்தபோது அப்பாவின் மகளாகிவிட்டார்.

வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷனும் மருந்துகளுமாக ஒரு சுற்று முடிந்து, நன்றாகத்தான் இருந்தார். பிறகு திரும்ப வந்தது. இன்னொரு சுற்று கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள் என்றார் டாக்டர். கொடுப்பதா, நிறுத்துவதா? நான் என் தொழில் புத்தியைக் காட்டி, நான்கு டாக்டர்களின் கருத்துகளை எக்ஸெல்லில் கட்டம் கட்டி, அச்செடுத்துக்கொண்டு போனேன். அத்தான் போரிட்டே தீரவேண்டும் என்றார். அக்கா மகள் நித்யா லீவு போட்டுவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்காவிடம் கேட்டால், "உங்க இஷ்டம். எனக்கு ஒண்ணுமில்ல" என்பார்.

ஒரு நாள் காலை ஆஸ்பத்திரியில் நாங்கள் மூவரும் கட்டிலைச் சுற்றி நின்று விவாதித்துக்கொண்டிருந்தபோது பத்மா என்ற இளம் நர்ஸ் உள்ளே வந்தார். கம்மம் பக்கத்துப் பெண். அக்காவுக்கு அதற்கு முன் அறிமுகமில்லாதவர். எங்களை ஒருமுறை பார்த்தார், தலையணையைச் சரிசெய்தார், பிறகு, "சார், மீரந்தரூ வெள்ளி டீ தாகி ரண்டி" என்றார். எல்லாரும் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முக்கியமான விஷயம் பேசும் நேரத்தில் டீயா? கேண்டீனில் போய் உட்கார்ந்த பிறகுதான் நித்யா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "மாமா! இதி அம்மா டயலாக் கதா!" இது அம்மாவின் வசனமாயிற்றே என்று.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அச்செடுத்த காகிதத்தைப் பார்த்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "மாப்ளே, இன்னொரு டீ சொல்லுங்க. சீக்கிரம் போயிரக் கூடாது" என்றார் அத்தான்.

நாங்கள் திரும்பியபோது பத்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அக்கா அழுதிருந்தார், ஆனால் முகம் தெளிந்திருந்தது. "நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று பத்மா தெலுங்கில் கேட்டார். அக்கா தானே சொன்னார். "தம்பி, இனி அந்த மருந்து வேண்டாம். வலிக்கு மட்டும் குடுத்தாப் போதும். நான் வீட்டுக்கு வாரேன்."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?" என்றேன். அக்கா மகள் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி நித்யா, நீ எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா நான் எப்படிச் சொல்லுதது?"

வீட்டுக்கு அழைத்து வந்தோம். டாக்டர் எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் இருந்தார், அதுவும் நிம்மதியாக. காலை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவில் போகிறவர்களையெல்லாம் விசாரித்தார். பத்மாவை வரவழைத்து நெத்திலிக் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுக்கும் அளவுக்குத் தெம்பிருந்தது. ஆனால் வலியை மட்டும், என்னைப் பால் வாங்க அனுப்பிவிட்டு, நித்யாவைக் கடைக்கு அனுப்பிவிட்டு, அத்தானிடம்தான் சொன்னார். எங்களுக்கும் பழகிவிட்டது. அக்கா முகம் சுருங்கினால் நாங்களே எழுந்துவிடுவோம்.

கடைசி வாரங்களில் ஒரு பிற்பகல். எல்லோரும் அவர் அறையில் இருந்தோம். அக்கா உதட்டைக் கடித்தார். நித்யா உடனே எழுந்து, டீ போட்டுக்கொண்டு வருகிறேன் என்று வாசல் பக்கம் நடந்தாள்.

"நக்கோ," என்றார் அக்கா. "யாரும் போகாண்டாம். இருங்க."

நாங்கள் அப்படியே நின்றோம்.

"வலிக்குது."

நித்யா திரும்பி வந்து தரையில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கேம்மா?" என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சொல்லப்பட்ட முதல் வலி அதுதான். அதன் பிறகு அக்கா எங்களை எங்கேயும் அனுப்பவில்லை. நாங்கள் எல்லோரும் அருகிலிருக்கவே அமைதியாகக் கண்மூடினார்.

மருத்துவர்களுக்கும், அந்த நாட்களில் முறை வைத்துச் சாப்பாடு கொடுத்தனுப்பிய சைனிக்புரி அண்டை வீட்டாருக்கும், லாலாகுடாவிலிருந்து வந்து தோள் கொடுத்த பழைய நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. பத்மாவுக்கு நன்றி சொல்ல என்னிடம் தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரியில் உங்கள் வீட்டு மனிதரின் பக்கத்தில் நீங்கள் நிற்கும்போது, ஒரு நர்ஸ் டீ குடித்துவிட்டு வரச் சொன்னால் கோபப்படாமல் போங்கள். மெதுவாகக் குடியுங்கள். திரும்பி வரும்போது, உங்கள் எதிரிலேயே அந்த மனிதர் தன் வலியைச் சொல்லும்படியான முகத்தோடு வாருங்கள்.